ஓய்வு பாபமா?



நமது நாட்டில் ஒருவரையொருவர் சந்தித்து "சௌக்கியமா?" என்று கேட்டால் என்ன பதில் வருகின்றது? "சௌக்கியத்துக்கு என்ன, மூச்சுவிடத்தான் நேரமில்லை" என்பதுதான். இதை வருத்தத்தோடு சொல்லுகின்றவர்கள் சிலர். பெருமையோடு சொல்லுகின்றவர்கள் பலர். நேரமில்லாதவன் பெரிய மனிதன் என்றும், நேரமுள்ளவன் உதவாக்கரை என்றும் ஓர் எண்ணம் ஜனங்களுக்குள் ஊறிக் கிடக்கின்றது. மூச்சுவிடவே நேரமில்லாத ஜீவனம் எதற்காக என்று மாத்திரம் யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

மனிதன் வேலை செய்வது எதற்காக? பிழைப்பதற்காக. பிழைப்பது எதற்காக? வாழ்வதற்காக. வாழ்வது என்றால் என்ன? பசியில்லாமல் சாப்பிடுவது, போதுமான அளவு தூங்குவது, நோயில்லாமல் உடம்பைக் காப்பது, பெண்டு பிள்ளைகளோடும் சிநேகிதர்களோடும் பேசிச் சிரிப்பது, நாலு எழுத்துப் படிப்பது, நாலு விஷயம் யோசிப்பது, ஒன்றும் தோன்றாவிட்டால் மரத்தடியில் சும்மா காற்று வாங்குவது ஆகிய இவைகள்தாம். இவைகளுக்கு நேரமில்லை என்கின்றவன் வாழ்வதற்கு நேரமில்லை என்கின்றான். வாழ்வதற்கே நேரமில்லாமல் பிழைப்பது, மூலதனத்தை விற்று வட்டி கட்டுவது போன்ற வியாபாரமேயாகும்.

ஓய்வு என்பதற்கு நம் நாட்டில் ஆளுக்கொரு பெயர் இருப்பதைக் கவனியுங்கள். பணக்காரர் மலைவாசம் போனால் அதற்குத் தேக சௌக்கியம் என்று பெயர். உத்தியோகஸ்தர் லீவு எடுத்தால் அது அவருடைய உரிமை. சாமியார் வேலை செய்யாமல் கண்ணை மூடி உட்கார்ந்தால் அது ஞானம். அவர் காலில் விழுவதற்குக் கூட்டம். ஆனால் கூலிக்காரன் மண்வெட்டியைக் கீழே வைத்து வரப்பில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் மாத்திரம் அது சோம்பேறித்தனம்! உட்காருகின்ற செய்கை ஒன்றேதான். உட்காருகின்றவனைப் பொறுத்துப் பெயர் மாறுகின்றது. ஒரே செய்கை ஒருவனுக்குப் புண்ணியமாகவும் மற்றவனுக்குப் பாபமாகவும் இருக்குமானால், அது நீதி சாஸ்திரமா அல்லது யாரோ சிலருடைய சௌகரியத்துக்காக எழுதிவைத்த சாஸ்திரமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இனி நம் ஜனங்கள் நேரத்தை மதிக்கும் யோக்கியதையைப் பார்ப்போம். பஞ்சாங்கத்தை எடுத்துக் கொள்ளுங்கள். நாளொன்றுக்கு ராகு காலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி, குளிகை ஒன்றரை மணி. ஆக நாலரை மணி நேரம். ராகுவுக்கும் எமனுக்கும் குளிகனுக்கும் தினந்தோறும் தவறாமல் நேரம் ஒதுக்கியிருக்கின்றது. கல்யாணத்துக்கு நேரம், கடைக்காலுக்கு நேரம், குழந்தைக்கு மொட்டையடிக்க நேரம், செத்தவருக்குத் திதி கொடுக்க நேரம் எல்லாம் அதில் உண்டு. உயிரோடு இருக்கின்ற மனிதன் தன் களைப்பாற உட்காருவதற்கென்று எந்தப் பஞ்சாங்கத்திலாவது நேரம் போட்டிருக்கின்றதா? ஆயுத பூஜையன்று அரிவாளுக்கும் ஏருக்கும் ஓய்வு கொடுத்துப் பொட்டு வைக்கின்றோம். மாட்டுப் பொங்கலன்று எருதை நுகத்தடியிலிருந்து அவிழ்த்துக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசுகின்றோம். இதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. அரிவாளுக்கும் எருதுக்கும் ஓய்வு வேண்டும் என்று தெரிந்த நமக்கு, அரிவாளைப் பிடித்த கைக்கும் ஓய்வு வேண்டும் என்பது ஏன் தெரியாமல் போயிற்று என்றுதான் கேட்கின்றோம்.

வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வென்பது நம் தொழிலாளிக்கு எந்தத் தெய்வமும் கொடுத்த வரமல்ல. அது மனிதன் கேட்டு, மன்றாடி, போராடி வாங்கியது. பம்பாய் மில்களில் ஜனங்கள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, வாரத்தில் ஏழு நாளும் உழைத்த காலத்தில், ஜோதிராவ் பூலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவரான நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் 1884-ல் மில் தொழிலாளிகளைக் கூட்டி, வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்று கேட்டார். 1890-ல்தான் முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்குச் சம்மதித்தார்கள். சாதியின் பேரால் மனிதனைத் தாழ்த்துவது கூடாது என்று சொன்ன கூட்டத்திலிருந்தே, மனிதனுக்கு வாரத்தில் ஒரு நாள் வேண்டும் என்ற குரலும் வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே மரத்துக் கிளைகள்.

சட்டங்களின் கதையையும் கேளுங்கள். 1881-ல் இந்தியாவில் வந்த முதல் ஆலைச் சட்டம், ஏழு வயதுக் குழந்தையிடம் நாளொன்றுக்கு 9 மணி நேரம் வேலை வாங்கலாம் என்றது. வயது வந்தவர்களுக்கு வரம்பே வைக்கவில்லை. 1891-ல் பெண்களுக்கு 11 மணி என்று வரம்பு வந்தது. 1911-ல் நெசவாலைகளிலுள்ள ஆண்களுக்கு 12 மணி என்றார்கள். 1919-ல் வாஷிங்டனில் சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு கூடி, நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று உலகத்துக்கு ஒரு விதி செய்தது. ஆனால் அதே விதியில் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மாத்திரம் வாரத்துக்கு 60 மணி என்று தனியாக எழுதிக் கொண்டார்கள். இந்தியத் தொழிலாளியின் முதுகெலும்பு வேறு சரக்கினால் செய்யப்பட்டது போலும்! அதன்படியே 1922-ல் 60 மணி, 1934-ல் 54 மணி என்று படிப்படியாகக் குறைந்து, 1946-ல்தான் 48 மணி வந்தது. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகாவைப் பார்த்துவந்தவர் டாக்டர் அம்பேத்கார் என்பதை இவ்விடத்தில் நினைவு கூருவது நம் கடமை.

மற்ற நாடுகளிலும் இது சுலபத்தில் வந்துவிடவில்லை. ஒரு நாளை மூன்றாகப் பிரித்து, உழைப்புக்கு எட்டு மணி, தூக்கத்துக்கு எட்டு மணி, தன் இஷ்டத்துக்கு எட்டு மணி என்று சொன்னவர் இங்கிலாந்தில் ராபர்ட் ஓவன். 1856-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்துக் கல்தச்சர்கள் உளியைப் போட்டுவிட்டு ஊர்வலம் போனார்கள். சம்பளம் குறையாமல் எட்டு மணி வேலையை வாங்கினார்கள். 1886-ல் சிக்காகோவில் இதைக் கேட்கப் போய்க் கலகம் நேர்ந்து, மறு வருஷம் நான்கு பேர் தூக்கிலேறினார்கள். அந்த மே நாளை 1923-ல் சென்னையில் கொண்டாடினவர் தோழர் சிங்காரவேலர். ஆகவே தோழர்களே, சாயங்காலம் வேலை முடிந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் வீட்டுக்கு நடக்கின்ற அந்த நேரத்துக்கு விலை கொடுத்தவர்கள் இருக்கின்றார்கள். அதைச் சீட்டாட்டத்திலும் சாராயக் கடையிலும் கொட்டுவதற்கு முன்னே ஒரு நிமிஷம் இதை நினையுங்கள்.

கிடைத்ததெல்லாம் நிலைத்துவிட்டதாக எண்ணி ஏமாறவும் வேண்டாம். 2023-ஆம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி நம் தமிழ்நாட்டுச் சட்டசபையிலேயே, வேலை நேரம் முதலிய விதிகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்குக் கொடுக்கச் சர்க்காருக்கு அதிகாரமளிக்கும் மசோதா ஒன்று நிறைவேறிற்று. பன்னிரண்டு மணி வேலைக்கு இது வாசல் திறப்பதாகும் என்று தொழிற்சங்கங்கள் எல்லாம் கிளம்பின பிறகு, மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கேட்டதால் நின்றது, கேட்காதிருந்தால் நடந்திருக்கும். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2021-ல், கடைகளில் வேலை செய்கின்றவர்கள் உட்காருவதற்கு ஆசனம் போட வேண்டும் என்று இதே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. கேரளத்தில் இது 2018-லேயே வந்துவிட்டது. ஜவுளிக் கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டுகின்ற பெண், வாடிக்கைக்காரர் இல்லாத வேளையில் உட்காருவதற்குக்கூட ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்றால், மனிதனை மனிதன் எந்த யோக்கியதையில் வைத்திருந்தான் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

இனிச் சிலர், "எல்லோரும் ஓய்வு ஓய்வு என்றால் உற்பத்தி என்னாவது? நாடு முன்னேறுவது எப்படி?" என்று கேட்கலாம். இப்படிக் கேட்கின்றவர்கள் பெரும்பாலும் விசிறிக்கடியில் உட்கார்ந்து கேட்கின்றவர்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கேள்விக்குப் பதில் சொல்வோம். முதல் மகாயுத்தத்தின்போது இங்கிலாந்தில் வெடிமருந்துச் சாலைகளில் ஆட்களை வாரத்தில் ஏழு நாளும் வேலை வாங்கிப் பார்த்தார்கள். சர்க்கார் ஒரு கமிட்டி வைத்துக் கணக்குப் பார்த்ததில், மட்டுக்கு மிஞ்சிய மணிக்கணக்கால் உற்பத்தி அதற்கேற்றபடி பெருகவில்லை என்றும், நேரத்தைக் குறைத்த இடங்களில் உற்பத்தி குறைந்துவிடவில்லை என்றும், சில வேலைகளில் அதிகமாகவே ஆயிற்று என்றும் தெரிந்தது. 1926-ல் அமெரிக்காவில் மோட்டார் முதலாளி ஹென்றி போர்டு வாரத்துக்கு ஐந்து நாள், 40 மணி வேலை என்று வைத்தார். அவர் தர்மப் பிரபு என்பதற்காகவா? அல்ல, கணக்குத் தெரிந்த வியாபாரி என்பதற்காக. களைத்தவன் கை பிசகும், பிசகினால் நஷ்டம். ஓய்வில்லாதவனுக்குப் பொருளை வாங்கி அனுபவிக்கவும் நேரமிராது, அதுவும் நஷ்டம்.

உற்பத்தி கிடக்கட்டும், உயிரைப் பாருங்கள். உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் சேர்ந்து 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணியோ அதற்கு மேலோ வேலை செய்கின்றவர்களுக்கு, 35 முதல் 40 மணி வேலை செய்கின்றவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் நூற்றுக்கு 35 பங்கும், மாரடைப்பு போன்ற இருதய நோயால் சாகும் அபாயம் நூற்றுக்கு 17 பங்கும் அதிகம் என்றும், இப்படிப்பட்ட நீண்ட வேலையின் காரணமாக 2016-ஆம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் சுமார் 7,45,000 பேர் மாண்டார்கள் என்றும் அதில் கண்டிருக்கின்றது. இப்படிச் செத்தவர் வீட்டில் போய்க் கேட்டால், "தலையெழுத்து, ஆயுசு அவ்வளவுதான்" என்பார்கள். எழுதினவன் பிரம்மாவல்ல, வேலை நேரப் பட்டியலை எழுதினவனே என்பதை நாம் என்றைக்கு உணரப் போகின்றோம்?

நிற்க. இதுவரை சொன்னவைகளை நம் தோழர்கள் தலையசைத்துக் கேட்டிருப்பீர்கள். இனிச் சொல்லுவது சற்றுக் கசக்கும்.

சட்டம் எல்லாம் ஆலை வாசலோடு நின்றுவிட்டது. நம் வீட்டு வாசற்படி ஏறி உள்ளே வரவில்லை. உள்ளே ஒரு தொழிலாளி இருக்கின்றாள். அவளுக்குச் சங்கு ஊதுவதில்லை, சம்பளமில்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. சர்க்கார் 2019-ல் நாடு பூராவும் ஜனங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகின்றார்கள் என்று கணக்கெடுத்தார்கள். வீட்டார்க்காகச் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கின்ற பெண் நாளொன்றுக்கு 299 நிமிஷம் செய்கின்றாள். செய்கின்ற ஆண் 97 நிமிஷம் செய்கின்றான். அதிலும் வீட்டு வேலையில் கை வைக்கின்ற பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் நூற்றுக்கு 26 பேரே. மற்ற 74 பேர் எதிலும் சேர்த்தியில்லை. மறுபடி 2024-ல் கணக்கெடுத்தார்கள். பெண்ணின் 299 நிமிஷம் 289 ஆகியிருந்தது. பரவாயில்லையே என்று சந்தோஷப்படப் போனால், ஆண்கள் தங்கள் 97 நிமிஷத்தை 88 ஆகக் குறைத்துக் கொண்டிருந்தார்கள்! ஆக இருவருக்கும் இருந்த வித்தியாசம் 202 நிமிஷத்திலிருந்து 201 நிமிஷமாயிற்று. ஐந்து வருஷத்துக்கு ஒரு நிமிஷம். இந்த வேகத்தில் போனால் ஆணும் பெண்ணும் சமமாவதற்கு இன்னும் 1005 வருஷம் வேண்டும். அதுவரை நம் பெண்கள் காத்திருக்க வேண்டுமா?

மே நாளன்று எட்டு மணி வேலைக்காகக் கொடி பிடிக்கின்ற தோழர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போனவுடன் பதினாறு மணி நேர முதலாளியாகி விடுகின்றார்கள்? "காப்பி எங்கே, துண்டு எங்கே, செருப்பு எங்கே" என்று அதிகாரம் செய்கின்றார்களா இல்லையா? எல்லோருக்கும் பரிமாறி, மிஞ்சியதைத் தின்று, பாத்திரம் துலக்கி, கடைசியாகப் படுத்து முதலில் எழுந்திருப்பவள் யார்? அவள் விளக்கு வைக்கின்ற நேரத்தில் தலையைச் சாய்த்தால் வீட்டைவிட்டு லட்சுமி போய்விடுவாளாம். திண்ணையில் மல்லாந்து குறட்டை விடுகின்ற ஆண்பிள்ளையைக் கண்டு மாத்திரம் லட்சுமி போவதில்லை! பண்டிகை வந்தால் ஊருக்கெல்லாம் விடுமுறை. அவளுக்கு இரட்டை வேலை. ஆயுத பூஜையன்று அடுப்புக்கும் அம்மிக்கும் பொட்டு வைத்துவிட்டு, அதே அடுப்பில் சுண்டல் வேகவைக்க வேண்டியவள் அவள். தலைவலி, இடுப்பு வலி என்றாலும் வாய் திறப்பதில்லை. படுக்கையில் விழுந்த பிறகுதான் வைத்தியரிடம் கொண்டுபோகின்றோம். பொறுமையே பெண்ணுக்கு அழகு என்று சொல்லிச் சொல்லி, வலியைச் சொல்லுவதையே வெட்கமாக்கி விட்டோம். தன் உடம்பைத் தான் கவனித்துக் கொள்ளுவது சுயநலம் என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுப்பதைவிடப் பெரிய கொடுமை வேறில்லை. சுயநலமல்ல அது; சுயமரியாதை.

வீட்டுக்கு வெளியிலும் சட்டம் எட்டாத இடங்கள் இல்லாமலில்லை. வயலில் கூலி வேலை செய்கின்றவருக்கும், வீட்டு வேலைக்குப் போகின்ற அம்மாளுக்கும், தள்ளுவண்டி வியாபாரிக்கும், மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கின்ற வாலிபனுக்கும் மணிக்கணக்கு ஏது? எழுத்து வேலை செய்கின்றவர்கள் தப்பித்தார்கள் என்றும் சொல்லுவதற்கில்லை. முன்பெல்லாம் எஜமானர் ஆபீசிலேயே இருந்துவிடுவார். இப்போது செல்போன் என்னும் வாகனமேறிச் சட்டைப் பையில் உட்கார்ந்து வீட்டுக்கே வந்துவிடுகின்றார். சாப்பாட்டுத் தட்டின் பக்கத்திலும் இருக்கின்றார், தலையணையின் பக்கத்திலும் இருக்கின்றார்.

அப்படியானால் ஓய்வை என்ன செய்வது? இதுவும் யோசிக்க வேண்டிய விஷயமே. சிலருக்கு ஓய்வென்றால் கடன் வாங்கி யாத்திரை போய், கும்பலில் மிதிபட்டு, திரும்பி வந்து மூன்று நாள் படுத்துக் கிடப்பது. சிலருக்குக் குடித்துப் புத்தி இழப்பது. சிலருக்கு நடுநிசி வரை செல்போனைத் தடவிக் கண்ணைக் கெடுத்துக் கொள்ளுவது. இவைகள் ஓய்வல்ல, எஜமானனை மாற்றிக் கொள்ளுவதேயாகும். ஓய்வென்பது அந்த நேரத்துக்கு நீயே எஜமானனாக இருப்பது. படிக்கத் தோன்றினால் படி; பாடத் தோன்றினால் பாடு; செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தோன்றினால் ஊற்று; ஆற்றங்கரையில் மெதுவாக நடக்கத் தோன்றினால் நட. பக்கத்து வீட்டுக்காரன் ஓடுகின்றான் என்பதற்காக நீயும் ஓட வேண்டிய அவசியமில்லை. அவன் கால் வேறு, உன் கால் வேறு. காரல் மார்க்சின் மருமகனான பால் லபார்க் 1880-லும், அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1932-லும் ஓய்வுக்காகவே வாதாடி எழுதினார்கள். யந்திரம் வந்த பிறகு நாளொன்றுக்கு நாலு மணி வேலையே போதும் என்பது ரஸ்ஸல் கணக்கு. யந்திரம் வந்தது, நாலு மணி வரவில்லை. மிச்சமான நேரத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்க வேண்டியதும் நம் பொறுப்பே.

யோசித்துப் பார்த்தால், ஓய்வில்லாதவன் யோசிக்க முடியாது. யோசிக்காதவன் கேள்வி கேட்க மாட்டான். கேள்வி கேட்காதவனை யாரும் எதற்கும் வளைத்துக் கொள்ளலாம். ஓய்வைப் பாபம் என்று பிரசாரம் செய்வதன் ரகசியம் இதுதான்.

ஆகையால் தோழர்களே, பெரிய காரியம் ஒன்றும் கேட்கவில்லை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஒரு மணி நேரத்தை உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் கொடுங்கள். கொடுங்கள் என்பதுகூடத் தப்பு. அது அவர்களுடையது, தடுக்காதீர்கள். தின்ற தட்டை நீங்களே கழுவுங்கள், கை தேய்ந்துவிடாது. வாரத்தில் ஒரு வேளையாவது ஆண்பிள்ளைகள் அடுப்பு மூட்டுங்கள். உப்பு கூடினால் ஒருவரும் செத்துப்போக மாட்டார்கள். எல்லோரும் ஒரே வேளையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வலி என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே வைத்தியரைப் பாருங்கள். மந்திரிப்பவனைத் தேடி நாளைக் கடத்தாதீர்கள். வேலை செய்கின்ற இடத்தில் உட்கார ஆசனமும், சாப்பிட நேரமும், வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறையும் இல்லையென்றால், ஒற்றையாகப் போய்க் கெஞ்சாமல் பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள்.

போன ஜன்மத்தைக் கண்டவனில்லை; வரப்போகும் ஜன்மத்தைக் காணப்போகின்றவனுமில்லை. கையிலிருப்பது இந்த ஒரு ஜன்மமே. அதில் உழைப்பு நம் கடமை என்றால், ஓய்வும் இன்பமும் நம் பங்கு. கடமையைச் செய்துவிட்டுப் பங்கைக் கேட்காமல் போகின்றவனை உலகம் நல்லவன் என்று சொல்லும்; ஆனால் அவன் பங்கை வேறொருவன் அனுபவித்துக் கொண்டிருப்பான்.